வீட்டுப் பெரியவர்களின் போனில் எதைப் போடலாம், எதை எடுக்கலாம்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தேன், எழுபதுக்கும் மேல் ஆப்கள் இருந்தன. டார்ச்சுக்கு ஒன்று, போனைச் சுத்தம் செய்ய மூன்று, பேட்டரியைக் காப்பாற்ற ஒன்று, வாட்ஸ்ஆப்பில் யாரோ அனுப்பினார்கள் என்று இறக்கியவை இரண்டு. அவருக்கு நிஜமாகவே உதவக்கூடியது ஒன்றுகூட அதில் இல்லை. ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகச் சிலவற்றைப் போட்டுக் கொடுத்தேன். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் அம்மா, அப்பா, மாமனார், மாமியார் யாருக்காக இருந்தாலும் இந்த வேலையை ஒருமுறை செய்து கொடுங்கள்.

முதலில் நீக்குவதில் ஆரம்பியுங்கள். திரையை மேலிருந்து இழுத்தால் டார்ச் அங்கேயே இருக்கிறது, அதற்குத் தனி ஆப் வேண்டாம். க்ளீனர், பூஸ்டர் என்று வருபவையும் வேண்டாம். நினைவகத்தை ஆண்ட்ராய்டே பார்த்துக்கொள்ளும், இவை பின்னால் ஓடி பேட்டரியைத் தின்று விளம்பரம் காட்டுவதுதான் மிச்சம். உடனடிக் கடன் தருகிறேன் என்று சொல்லித் தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் கேட்கும் ஆப் இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். அப்புறம் செட்டிங்ஸுக்குள் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்று தேடி (ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் போட விடும் அனுமதி இது), வாட்ஸ்ஆப், குரோம் இரண்டுக்கும் அதை அணைத்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயரில் வருகிற ஏபிகே ஃபைலை, அதாவது ஆப்பை நேராகப் போனில் ஏற்றும் ஃபைலைத் தொட்டு உள்ளே விட்டுவிட்டால், அது குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியை யாருக்கோ அனுப்பிவிடும், அதன்பின் வங்கிக் கணக்கு நம் கையில் இல்லை. இந்த ஒரு ஸ்விட்ச்தான் அன்றைக்கு நான் செய்ததிலேயே முக்கியமான வேலை என்று நினைக்கிறேன்.

சரி, இனி போட வேண்டியவை. ஒவ்வொன்றையும் ப்ளே ஸ்டோரில் தேடும்போது பெயருக்குக் கீழே யார் வெளியிட்டது என்று படியுங்கள், அரசு ஆப்களின் பெயரிலும் ஐகானிலும் போலிகள் உண்டு.

என் பட்டியலில் முதலிடம், அரசு ஆவணங்களைப் போனிலேயே வைத்துக்கொள்ள உதவும் டிஜிலாக்கருக்கு. 2015இல் மத்திய அரசு கொண்டுவந்தது. ஆதாரோடு இணைத்த மொபைல் எண் கையில் இருந்தால் பத்து நிமிட வேலை: ஓடிபி போட்டு உள்ளே போய், ஆறு இலக்க பின் ஒன்றை வைத்துக்கொண்டு, ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், ஆர்சி புத்தகம் என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக்கொள்ளலாம். இதில் நிறையப் பேர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. உள்ளே 'இஷ்யூட்' என்று ஒரு பகுதி, 'அப்லோட்' என்று இன்னொன்று. துறையிடமிருந்து நேராக வந்து இஷ்யூட் பகுதியில் உட்காருவதற்குத்தான் தகவல் தொழில்நுட்பச் சட்ட விதிகளின்படி அசலுக்குச் சமமான மதிப்பு. நாமே போட்டோ எடுத்து ஏற்றி வைத்தது வெறும் நகல்தான், ரயிலில் டிக்கெட் பரிசோதகர் அதை ஏற்கமாட்டார். அப்பா எல்லாவற்றையும் போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருந்தார், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டிய பிறகுதான் அவருக்கு இதன் அருமை புரிந்தது.

அடுத்து தமிழில் எழுதுவது. கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்துவிட்டு மைக்கைத் தொட்டுப் பேசினால் அதுவே எழுதிவிடும். பெரியவர்கள் ஆங்கில எழுத்தில் 'saptiya' என்று திணறித் திணறி அடிப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதே இல்லை. தட்டச்சுப் பழகியவர், தமிழ்99 விசை அமைப்பு வேண்டும் என்பவர் என்றால் செல்லினம் என்ற கீபோர்டு ஆப்பைப் போட்டுக் கொடுங்கள்.

காது சரியாகக் கேட்காதவர் வீட்டில் இருந்தால் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப். எதிரில் இருப்பவர் பேசப் பேசத் திரையில் பெரிய எழுத்தில் தமிழில் ஓடும். எங்கள் பெரியம்மா டாக்டரிடம் போகும்போது இதைத்தான் மேசையில் வைக்கிறார். மருத்துவச் சொற்களில் அங்கங்கே பிழை வரும், மருந்தின் பெயரையும் அளவையும் மட்டும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பணத்துக்கு எந்த யுபிஐ ஆப் என்பதைவிட எந்தக் கணக்கை இணைக்கிறோம் என்பதுதான் முக்கியம். பென்ஷன் வரும் கணக்கை இணைக்காதீர்கள். கொஞ்சம் பணம் மட்டும் இருக்கிற வேறொரு கணக்கு போதும். அதில் யுபிஐ லைட்டையும் திறந்து வையுங்கள், மொத்தம் 5,000 ரூபாய் வரை போட்டு வைத்து, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமலே கொடுக்கலாம், பால் காய்கறிக் கணக்கெல்லாம் பாஸ்புக்கில் பக்கம் பக்கமாக வராது. பணம் வாங்குவதற்கு ஒருபோதும் பின் கேட்கமாட்டார்கள், கேட்டால் அது திருட்டு என்பதை ஒரு தடவை சொல்லி விட்டுவிடாமல் நாலைந்து தடவை சொல்லுங்கள். இணையப் பண மோசடியைப் புகார் செய்யும் 1930 என்ற உதவி எண்ணை 'சைபர் போலீஸ்' என்று தமிழில் சேமித்து வையுங்கள். பணம் போய்விட்டால் அடுத்த நாள் மகன் வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே கூப்பிட வேண்டும், பணம் கைமாறிப் போவதற்குள் முடக்க வாய்ப்பு அப்போதுதான் அதிகம்.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தியையும் போடுங்கள். நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று அதில் பார்க்கலாம், சந்தேக அழைப்பைப் புகார் செய்யலாம், போன் தொலைந்தால் முடக்கலாம். முடக்குவதற்குக் காவல் நிலையப் புகாரின் நகலும், பழைய எண்ணிலேயே வாங்கிய மாற்று சிம்மும் தேவைப்படும். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனின் தனி அடையாள எண்ணை, இப்போதே ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள், போன் போன பிறகு அதை எங்கே தேடுவது?

ரயிலுக்கு ரயில்ஒன், முன்பதிவு, முன்பதிவில்லா டிக்கெட், பிளாட்பாரம் டிக்கெட் எல்லாம் அதிலேயே வந்துவிட்டது. மழைக்காலத்துக்குத் தமிழக அரசின் டிஎன்-அலர்ட், தமிழிலேயே எச்சரிக்கை வரும். கூகுள் மேப்ஸ் போனிலேயே இருக்கும், சொந்த மாவட்டத்தை மட்டும் ஆஃப்லைனில் இறக்கிக் கொடுங்கள்.

கடைசியாக, இதற்கு ஆப்பே தேவையில்லை: செட்டிங்ஸில் அவசரத் தகவல் என்ற இடத்தில் ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, உங்கள் எண் மூன்றையும் நிரப்புங்கள். போனைப் பூட்டிவிட்டு, பின் தெரியாத ஒருவர் அந்தத் திரையிலிருந்தே அவற்றைப் பார்க்க முடிகிறதா என்று நீங்களே ஒருமுறை சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.