ரோம் விரிந்த வரலாறு: அடிக்கடி சறுக்கும் இடங்கள்

"ரோமப் பேரரசர் ஜூலியஸ் சீசர்" என்று தொடங்கும் கட்டுரையை அதற்கு மேல் நம்பிப் படிப்பது கடினம். சீசர் பேரரசராக இருந்ததே இல்லை. கான்சலாக (ஓராண்டுப் பதவி வகிக்கும் இரு தலைவர்களில் ஒருவராக) இருந்தார், காலியாவின் (இன்றைய பிரான்ஸ் பகுதி) ஆளுநராக இருந்தார், கடைசியில் வாழ்நாள் சர்வாதிகாரி ஆனார். கி.மு. 44 மார்ச் 15 அன்று குத்திக் கொல்லப்பட்டபோதும் ரோம் பெயரளவில் குடியரசுதான். பேரரசர்களின் வரிசை, அவருடைய தத்துப்பிள்ளை ஆக்டேவியனுக்கு 'அகஸ்டஸ்' பட்டம் கிடைத்த கி.மு. 27-இல் தொடங்குகிறது.

வெறும் பெயர்க் குழப்பம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் 'பேரரசர்கள்தான் பேரரசைப் பிடித்தார்கள்' என்ற நினைப்பும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. வரிசையைப் பாருங்கள்: சிசிலி 241, சார்டினியா 238, ஸ்பெயினில் இரண்டு மாகாணங்கள் 197, மாசிடோனியாவும் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் நிலமும் 146, பெர்கமம் (இன்றைய துருக்கியின் மேற்கு) 133, சிரியா 64, காலியா 58 முதல் 50 வரை, எகிப்து 30. எல்லாமே கி.மு.; எல்லாமே அகஸ்டஸ் என்ற பட்டம் பிறப்பதற்கு முன்பு. அகஸ்டஸ் தன் பங்குக்கு ஸ்பெயினின் வடமேற்கு, ஆல்ப்ஸ், டான்யூப் கரை ஆகியவற்றைச் சேர்த்தார். அதற்குப் பின் வந்த இருநூறு ஆண்டுகளில் பெரிய சேர்க்கை என்று சொல்ல பிரிட்டன் (கி.பி. 43), டேசியா என்ற இன்றைய ருமேனியப் பகுதி, அரேபியா (இரண்டும் 106) போன்ற சிலவே உண்டு.

வரைபடத்திலும் இதே சறுக்கல். இணையத்தில் சுற்றும் 'ரோமப் பேரரசு' படம் பெரும்பாலும் பேரரசர் டிராஜன் இறந்த கி.பி. 117-ஆம் ஆண்டினுடையது. அதில் சிவப்பாகத் தெரியும் மெசொப்பொத்தேமியாவை அடுத்து வந்த ஹாட்ரியன் உடனே கைவிட்டார். ஓரிரு ஆண்டு நிலவரத்தைப் பல நூற்றாண்டுகளின் முகமாக ஒட்டிவிடுகிறோம். படம் போட்டால் ஆண்டையும் போடுங்கள். ஆண்டுக் கணக்கில் இன்னொன்று: பூஜ்யம் என்ற ஆண்டு கிடையாது. கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை 41 அல்ல, 40 ஆண்டுகள்.

போர்க்களத்தை மட்டும் பார்ப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ரோமின் வளர்ச்சியை விளக்க வருபவர்கள் வாள், கேடயம், ஒழுங்கு, 'தோல்வியே காணாத படை' என்று அடுக்குகிறார்கள். தோல்விப் பட்டியலோ நீளமானது. கி.மு. 321-இல் காடியம் கணவாயில் இத்தாலிய மலைக்குடிகளான சாம்னியர்களிடம் ஒரு முழுப் படை சரணடைந்து, நுகத்தடிக்குக் கீழே குனிந்து வெளியே வந்தது. 280, 279-இல் கிரேக்க மன்னன் பிர்ரஸிடம் இரண்டு தோல்விகள். 218, 217, 216 என ஆண்டுக்கு ஒன்றாகக் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலிடம் மூன்று. 105-இல் அராசியோ, 53-இல் கர்ரே ஆகிய களங்களில் படுதோல்விகள். கி.பி. 9-இல் ஜெர்மனியக் காட்டுக்குள் போன மூன்று லெஜியன்கள் (ரோமப் படையின் பெரும் பிரிவுகள்) திரும்பவே இல்லை; 17, 18, 19 என்ற அந்த எண்களை ரோமானியர்கள் வேறு எந்தப் படைக்கும் மறுபடி வைக்கவில்லை.

இத்தனை அடி வாங்கிய நகரம் ஏன் அழியவில்லை? அதற்கான விடை கி.மு. 338-இல் இருக்கிறது. அந்த ஆண்டு தன்னைச் சுற்றியிருந்த லத்தீன் நகரங்களின் கிளர்ச்சியை ரோம் அடக்கியது. அதன் பிறகு செய்ததுதான் முக்கியம். தோற்றவர்களின் கூட்டணியைக் கலைத்து, ஒவ்வொரு நகரத்தோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டது. சில நகரங்களுக்கு முழுக் குடியுரிமை. சிலவற்றுக்கு வாக்குரிமை இல்லாத குடியுரிமை. சிலவற்றுக்கு ரோமானியரோடு மணவுறவும் வணிகமும் வைத்துக்கொள்ளும் லத்தீன் உரிமை. மற்றவை 'நேச நாடுகள்'. ஒவ்வொருவருக்கும் இழக்க ஏதோ ஒன்று இருந்தது. அடுத்த படிக்கு ஏறவும் வழி இருந்தது. ஆனால் பக்கத்து ஊரோடு சேர்ந்து கலகம் செய்ய வழி இல்லை.

நேச நாடுகளிடம் ரோம் கப்பம் கேட்கவில்லை. ஆள் கேட்டது. குடியரசுக் காலத்து லெஜியனைக் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் விவரிக்கிறார்: இலகு ஆயுத வீரர்கள் 1,200, முதல் வரிசை 1,200, இரண்டாம் வரிசை 1,200, மூத்த வீரர்கள் 600, ஆக 4,200 காலாட்கள், குதிரை வீரர்கள் 300. அதோடு ஏறக்குறைய அதே அளவு நேச நாட்டுக் காலாட்களும், மூன்று மடங்கு குதிரை வீரர்களும். 'ரோமப் படை' என்று நாம் எழுதுவதில் பாதிக்கு மேல் ரோமானியரே அல்லர்! கி.மு. 225-இல் ரோமும் நேச நாடுகளும் சேர்ந்து திரட்டக்கூடிய ஆட்கள் காலாட்கள் 7,00,000, குதிரை வீரர்கள் 70,000 என்பது அவர் தரும் கணக்கு. நுணுக்கமாகப் பார்த்தால் அந்தக் கூட்டலில் சிக்கல்கள் உண்டு. ஆனாலும் மத்தியதரைக் கடலோரத்தில் இந்த அளவை நெருங்கிய எதிரி ரோமுக்கு இல்லை.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு விசை ஒளிந்திருந்தது. கப்பம் வாங்குகிற அரசு சும்மா இருந்தாலும் கப்பம் வரும். ஆள் வாங்குகிற அரசு போருக்குப் போனால்தான் அந்த உரிமைக்குப் பொருள் உண்டு. கான்சல் பதவியோ ஒரே ஆண்டு. அதற்குள் வென்று, ஊருக்குள் வெற்றி உலா வந்தால்தான் குடும்பப் பெயர் நிற்கும். நேச நாட்டு வீரனுக்கும் கொள்ளையில் பங்கு உண்டு. ஆக, போர் ஏறத்தாழ ஆண்டுதோறும் வரும் அறுவடை போல ஆகிவிட்டது. அமைதி நிலவினால் ஜேனஸ் கோயிலின் கதவைச் சாத்துவது ரோமானியர் வழக்கம். கி.மு. 235-இல் ஒரு முறை சாத்தினார்கள். அடுத்து சாத்தியது கி.மு. 29-இல்.

இந்த இடத்தில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. உலகைப் பிடிக்க ரோமின் மூத்தோர் அவையான செனட்டிடம் பல தலைமுறைத் திட்டம் இருந்தது என்பது ஒன்று. ரோம் தற்காப்புக்காக மட்டுமே போரிட்டு, தற்செயலாகப் பேரரசு ஆனது என்பது மற்றது. ஆண்டுதோறும் தலைவர்கள் மாறும் ஊரில் முதலாவதற்கு இடமில்லை. மேலே சொன்ன விசையைப் பார்த்தால் இரண்டாவதும் நிற்காது.

கோட்டைக் குடியேற்றங்களை மறப்பது

பிடித்த நிலத்தின் ஒரு பகுதியை ரோம் எடுத்துக்கொண்டு, அங்கே ஆட்களைக் குடியேற்றும். கி.மு. 334-இல் காலிஸ் நகருக்கு 2,500 பேர். 303-இல் ஆல்பா ஃபூசென்ஸுக்கு 6,000 பேர். 218-இல் போ ஆற்றங்கரையில் பிளாசென்சியாவுக்கும் கிரெமோனாவுக்கும் தலா 6,000 பேர். இவை ஓய்வு பெற்ற வீரர்களின் சொகுசுக் கிராமங்கள் அல்ல. கணவாய், ஆற்றுத் துறை, சாலைச் சந்திப்பு என்று பார்த்து வைத்த மதில் சூழ்ந்த காவல் நகரங்கள். 312-இல் காபுவா வரை தொடங்கிய ஆப்பியன் சாலை போன்றவை இவற்றைக் கோத்தன.

இதன் பலன் தென்கிழக்கு இத்தாலியில் கன்னே என்ற களத்தில் தெரிந்தது. கி.மு. 216 ஆகஸ்ட் 2 அன்று ஹன்னிபால் ஏறத்தாழ 80,000 பேர் கொண்ட படையைச் சூழ்ந்து நொறுக்கினார். இறந்தவர் பாலிபியஸ் கணக்கில் சுமார் 70,000. ரோம வரலாற்றாசிரியர் லிவி கணக்கில் சுமார் 48,000. எண்ணை எழுதினால் யாருடைய எண் என்றும் எழுதுங்கள். தப்பிய கான்சல் வாரோ, சில பத்துக் குதிரை வீரர்களோடு ஓடிப் புகுந்தது வெனூசியாவுக்குள். அது கி.மு. 291-இல் ரோம் வைத்த குடியேற்றம்! காபுவாவும் பின்னர் டாரெண்டமும் ஹன்னிபால் பக்கம் போயின. லத்தீன் உரிமை பெற்ற இந்தக் குடியேற்றங்களில் ஒன்றுகூட அவரிடம் போகவில்லை. 212 வாக்கில் ரோம் இருபதுக்கும் மேற்பட்ட லெஜியன்களைக் களத்தில் நிறுத்தியிருந்தது. 'ஹன்னிபால் உடனே ரோமுக்குப் போயிருந்தால்' என்று வாதாடுபவர்கள் இந்த எண்ணையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற்பாடு விரிசல் காணவே இல்லை என்று எழுதுவதும் பிழை. 209-இல் முப்பது லத்தீன் குடியேற்றங்களில் பன்னிரண்டு, இனி ஆள் தர முடியாது என்று கைவிரித்தன. குடியுரிமை கேட்டுக் கேட்டு அலுத்த நேச நாடுகள் 91-இல் ஆயுதம் எடுத்தன. 90-இல் குடியுரிமைச் சட்டம் இயற்றித்தான் ரோம் அந்தத் தீயை அணைக்கத் தொடங்கியது.

வென்றால் சேர்த்துக்கொண்டார்கள் என்பது

போரில் வென்ற ஆண்டையே மாகாணம் ஆன ஆண்டாக எழுதிவிடுகிறோம். கி.மு. 202-இல் சாமாவில் ஹன்னிபால் தோற்றார். கார்த்தேஜை ரோம் எடுத்துக்கொள்ளவில்லை. 10,000 டாலந்து (பழைய எடை அளவு) வெள்ளியை 50 ஆண்டுத் தவணையில் கட்ட வேண்டும், போர்க்கப்பல் பத்துதான் வைத்திருக்கலாம், ரோமின் அனுமதியின்றிப் போர் கூடாது என்பவை நிபந்தனைகள். தவணை முடிந்தது 151 வாக்கில். கார்த்தேஜோடு நடந்த கடைசிப் போரான மூன்றாம் பியூனிக் போர் வெடித்தது 149-இல். கிரேக்கத்திலும் அப்படியே: மாசிடோனியாவை வென்றபின் 196-இல் 'கிரேக்கருக்கு விடுதலை' என்று அறிவித்து, 194-இல் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 168-இல் மறுபடி வென்றும் மாசிடோனியாவை நான்கு குடியரசுகளாகப் பிரித்ததோடு சரி. அதே ஆண்டு எகிப்துக்குள் புகுந்த சிரிய மன்னன் அந்தியோக்கஸைச் சுற்றி, ரோமத் தூதர் போபிலியஸ் கைத்தடியால் மணலில் வட்டம் போட்டு, பதில் சொல்லிவிட்டு வெளியே வரச் சொன்னார். மன்னன் படையோடு திரும்பிப் போனான். அதிகாரம் ஒரு கணக்கு, நிலம் இன்னொரு கணக்கு. குறிப்பு எடுக்கும்போது வென்ற ஆண்டு, ஒப்பந்த நிபந்தனை, மாகாணமான ஆண்டு என மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதினால் குழப்பம் வராது.

இத்தாலிய முறையே எல்லா இடத்திலும் நடந்தது என்றும் நினைக்கக் கூடாது. கடல் தாண்டியதும் ரோம் ஆளை விட்டுவிட்டுப் பொருளைக் கேட்டது. சிசிலியில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு. ஸ்பெயினில் புதிய கார்த்தேஜ் நகருக்கு அருகே வெள்ளிச் சுரங்கங்களில் 40,000 பேர் உழைத்தார்கள், ரோமுக்கு நாளொன்றுக்கு 25,000 திராக்மா வந்தது என்கிறார் பாலிபியஸ். 167-க்குப் பிறகு இத்தாலியில் இருந்த ரோமக் குடிமக்கள் நேரடிப் போர்வரி கட்டுவதே நின்றுபோனது. பெர்கமத்தை அதன் மன்னன் மூன்றாம் அட்டலஸ் உயில் எழுதியே கொடுத்தான். அங்கே வரி வசூலை ரோமில் ஏலம் விட்டார்கள். வரிக் குத்தகைதாரர்கள் முன்பணம் கட்டிவிட்டு, பல மடங்காகக் கறந்தார்கள். 88-இல் கருங்கடல் கரை மன்னன் மித்ரிடேட்டஸ் கைகாட்டியதும் அந்த ஊர்கள் ஒரே நேரத்தில் இத்தாலியர்களைக் கொன்று குவித்ததற்கு இந்தக் கோபமே எரிபொருள்.

படை, கப்பல், உப்பு

'செஞ்சூரி' என்றால் நூறு பேர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பேரரசுக் காலத்தில் அது 80 பேர்: ஒரு கூடாரத்துக்கு எட்டுப் பேர், பத்துக் கூடாரம். ஆறு செஞ்சூரி சேர்ந்தது ஒரு கோஹார்ட், 480 பேர். பத்து கோஹார்ட் ஒரு லெஜியன். முதல் கோஹார்ட் மட்டும் இருமடங்குச் செஞ்சூரிகள் ஐந்து கொண்டிருந்தபோது மொத்தம் 5,120.

சம்பளப் படையாக இது தொடக்கத்திலிருந்தே இருந்ததாகக் காட்டுவதும் தவறு. இத்தாலியைப் பிடித்ததும் ஹன்னிபாலைத் தாங்கியதும் நிலமுள்ள உழவர்களின் படை. கி.மு. 107-இல் கான்சல் மாரியஸ் சொத்தில்லாதவர்களையும் சேர்த்தார். ஆயுதம், அமைப்பு, ஓய்வூதியம் எல்லாவற்றையும் அவரே ஒரே மூச்சில் மாற்றினார் என்ற 'மாரியஸ் சீர்திருத்தம்' பின்னாளில் கட்டிய மூட்டை. நிலையான படைக்கு ஓய்வுப் பணம் தரும் தனி நிதியை அகஸ்டஸ்தான் கி.பி. 6-இல், வாரிசுச் சொத்தின் மீது ஐந்து விழுக்காடு வரி போட்டு, உருவாக்கினார்.

கார்த்தேஜோடு நடந்த முதல் போரில் ரோம் கடலில் வென்றது 'காக்கைப் பாலம்' என்ற கொக்கிப் பலகையால் என்பது பாதி உண்மை. கி.மு. 260-இல் மைலேயில் அது உதவியது. ஆனால் 255-இல் ஒரே புயலில் 364 கப்பல்களில் 80 மட்டுமே மிஞ்சின. 241-இல் போரை முடித்த 200 கப்பல்கள், கஜானா காலியான பின் வசதி படைத்தவர்கள் கைக்காசு போட்டுக் கட்டியவை. அந்தக் கடைசிக் கடற்சண்டையில் காக்கைப் பாலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

கி.மு. 146-இல் பிடித்த கார்த்தேஜில் எதுவும் விளையாதபடி ரோமானியர்கள் உப்பு விதைத்ததாகச் சொல்லும் பழங்கால எழுத்தாளர் ஒருவர்கூட இல்லை. இருபதாம் நூற்றாண்டு வரலாற்று நூல்கள் பரப்பிய கதை அது. நகரத்தை எரித்தது உண்மை, எஞ்சியவர்களை அடிமைகளாக விற்றதும் உண்மை. ஆனால் அந்த வட்டாரம் ரோமுக்குத் தானியம் அனுப்பியது. கி.மு. 122-இல் ரோம அரசியல்வாதி கயஸ் கிராக்கஸ் அதே இடத்தில் குடியேற்றம் அமைக்க முயன்றார். அழித்த தளபதியின் பெயரிலும் கவனம்: சாமாவில் வென்றவர் மூத்த சிப்பியோ, 146-இல் கார்த்தேஜை எரித்தவர் அந்தக் குடும்பத்துக்குத் தத்து வந்த சிப்பியோ எமிலியானஸ்.

நாணயம் கிடைத்த இடமெல்லாம் ரோம் அல்ல

கடைசியாக நம் ஊர்ப் பிழை. கரூரிலும் கோவை வட்டாரத்திலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்ததைக் கொண்டு 'ரோமின் செல்வாக்கு மண்டலம்' என்று வண்ணம் பூசுகிறார்கள். நடந்தது வேறு. கி.மு. 30-இல் எகிப்து கைக்கு வந்ததும் செங்கடல் துறைமுகங்கள் ரோமுடையவை ஆயின. அங்கிருந்து இந்தியாவுக்கு ஆண்டுக்கு 120 கப்பல்கள் போனதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதுகிறார். முசிறியிலிருந்து ஏற்றிய சரக்குக்கு எகிப்தில் கால் பங்கு சுங்கம் வாங்கினார்கள். ரோமின் அதிகாரம் அந்தச் சுங்கச் சாவடி வரைக்கும்தான். இந்தப் பக்கம் யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய வணிகர்கள். புதுக்கோட்டைப் புதையலில் கிடைத்த ரோமத் தங்கக் காசுகள் பலவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. காசாக மறுபடி செல்லாதபடி, எடைக்குப் பொன்னாக மட்டும் கைமாறுவதற்காக இட்ட வெட்டு அது என்பது நாணயவியலாளர்கள் பலரின் கருத்து.