சஃபாரி தொப்பிக்குப் பாகை சுற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சஃபாரி தொப்பியைச் சுற்றி அடுக்கடுக்கான மடிப்புகளோடு இருக்கும் துணிப்பட்டைக்கு ‘பக்கரீ’ என்று பெயர். தலைப்பாகையைக் குறிக்கும் ‘பக்ரி’ என்ற இந்திச் சொல்தான் ஆங்கிலேயர் வாயில் அப்படி மாறியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் வெயிலைத் தாங்கத் தொப்பியின் மேல் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டார்கள். இங்கே அதைப் பாகை என்றே சொல்வோம். பாகை என்றால் சுற்றுவது. சுற்றியதை அவிழ்க்கவும், துவைக்கவும், மறுபடி சுற்றவும் முடிய வேண்டும். இதை மறந்து ரிப்பன் ஒட்டுவதுபோல ஒட்டப் போவதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு துணியில். பாலியெஸ்டர் கலந்த துணி வழுக்கும், மடிப்பு நிற்காது, வியர்வையை உறிஞ்சாது. கனமான காடாத் துணி மடிப்பு நிற்கும், ஆனால் ஆறு சுற்று வந்ததும் தொப்பிக்கு டயர் மாட்டியதுபோல் ஆகிவிடும். மல்மல், மஸ்லின் போன்ற மெல்லிய பருத்திதான் சரி. மூன்றாக மடித்த மல்மல் ஆறு சுற்று வந்தாலும் ஏறக்குறைய 3 மி.மீ. கனத்தோடு நிற்கும்.

வாங்கிய துணியை நனைக்காமல் சுற்றுவது அடுத்த தவறு. புதுப் பருத்தி சுருங்கும். 4 மீட்டரில் 15 முதல் 20 செ.மீ. வரை குறைந்துவிடும். சுற்றிய பிறகு மழையில் நனைந்தால் அந்தச் சுருக்கம் முழுவதும் தொப்பியின் மேல் இறங்கும். கம்பளி இழைகளை அழுத்திச் செய்த மெத்தென்ற ஃபெல்ட் தொப்பி அதில் இறுகித் தலையில் இறங்காமல் நின்றுவிடும். எனவே ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, நிழலில் காயவைத்து எடுங்கள். சாயத் துணியானால் ஈர வெள்ளைத் துணியால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். அதில் நிறம் ஏறினால் உங்கள் தொப்பியிலும் ஏறும்.

அளவெடுக்கும்போது பலர் தலையின் சுற்றளவை எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியது தொப்பிக் கூட்டின் (தலையை மூடும் குழிந்த பகுதியின்) அடிச்சுற்று, அதாவது விளிம்பு தொடங்கும் இடத்தில் வெளிப்பக்க அளவு. தலை 58 செ.மீ. என்றால் அங்கே 61 செ.மீ. அளவுக்கு வரும். ஆறு சுற்றுக்கு 366 செ.மீ.; மேலே போகப் போகத் துணியின் கனம் சேர்வதால் இன்னும் 6 செ.மீ.; நுனிகளுக்கும் கடைசியில் செங்குத்தாக மூடும் துண்டுக்கும் 25 செ.மீ. ஆகவே சுருங்கிய பிறகு 4 மீட்டர் கையில் இருக்க வேண்டும். நாலரை மீட்டராக வாங்குங்கள்.

பட்டையைக் குறுக்கே, ஊடை வழியே வெட்டினால் ஒரு மீட்டர் துணி அகலத்துக்கு ஒரு மூட்டு என்று நான்கு மூட்டு வரை விழும். ஒவ்வொன்றும் மடிப்பில் ஒரு கட்டியாகத் தெரியும். கரைக்கு இணையாக, பாவு வழியே 8.5 செ.மீ. அகலத்தில் ஒரே நீளமாக எடுங்கள். ஓரத்தில் சிறு வெட்டு வைத்துக் கையால் கிழித்தால் நூல் வழியே நேராகப் போகும், கத்தரி போகாது. மூட்டுப் போட்டே ஆக வேண்டுமென்றால் 45 டிகிரி சாய்வில் போடுங்கள், கனம் ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடும்.

கிழித்த பட்டையின் ஒரு ஓரத்தில் 1 செ.மீ. உள்ளே மடக்கி, மீதி 7.5 செ.மீ. அகலத்தை மூன்றாக மடித்தால் 2.5 செ.மீ. பட்டை கிடைக்கும். மடக்கிய ஓரம் வெளிமடிப்பாக வரட்டும். பிசிறு உள்ளே அடங்கிவிடும். லேசாகக் கஞ்சி தெளித்து நல்ல சூட்டில் இஸ்திரி போடுங்கள். இந்த வேலையைச் சோம்பலில் விட்டுவிட்டுச் சுற்றும்போதே கையால் மடித்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தால் மூன்றாவது சுற்றிலேயே அகலம் கூடிக் குறையத் தொடங்கும்.

இனிச் சுற்றுவது. கீழிருந்து மேலாகத்தான் சுற்ற வேண்டும். முதல் சுற்று விளிம்பை ஒட்டி உட்காரும். அடுத்தது அதன் மேலேயே, 5 மி.மீ. உயர்த்தி. இப்படி ஆறு சுற்று வந்தால் மொத்த உயரம் 5 செ.மீ. ஆகும், 10, 11 செ.மீ. உயரமுள்ள கூட்டுக்கு அதுவே போதும். ஒவ்வொரு சுற்றும் கீழே உள்ளதைக் கூரை ஓடுபோல மூடுவதால் மழைநீர் வழிந்து போகும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் மடிப்புகளின் வாய் மேல் நோக்கித் திறந்து, தண்ணீரும் தூசியும் அதற்குள் தங்கும்.

எங்கே உயர்த்துவது என்பதில் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். சுற்று முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் கோடுகள் சாய்ந்து, முன்னாலிருந்து பார்க்கும்போது தொப்பியே கோணலாகத் தெரியும். முழுச் சுற்றையும் மட்டமாக ஓட்டிவந்து, இடது காதுக்குச் சற்றுப் பின்னால், 5 செ.மீ. இடைவெளிக்குள் மட்டும் மேலேற்றுங்கள். ஐந்து ஏற்றங்களும் அதே இடத்தில் விழட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டூசி. கடைசியில் அந்த இடத்தை 5 செ.மீ. அகலத் துண்டால் செங்குத்தாக மூடி, மேலும் கீழும் உள்ளே செருகிவிட்டால் பாகை முடிந்தது. ஆண்களின் தொப்பியில் ரிப்பன் முடிச்சு இடப்பக்கம் வருவது வழக்கம் என்பதால் கண்ணுக்கும் அது பொருந்தும்.

இழுத்துச் சுற்றாதீர்கள். ஒரு சுற்றில் தெரியாத இறுக்கம் ஆறு சுற்றில் நெற்றியை அழுத்தும். கூட்டுக்குள் துண்டு சுற்றிய உருண்டைப் பாத்திரத்தைத் தலை அளவுக்கு இறுக்கமாக வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். நனைந்த தொப்பியையும் அதன் மேல் வைத்தே காயவிடுங்கள்.

பக்கவாட்டில் காற்றுத் துளைகள் இருந்தால் பாகை அவற்றை மூடாதபடி பாருங்கள். துளை தாழ்வாக இருந்தால் ஐந்து சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பழைய ரிப்பனின் மேலேயே சுற்றவும் வேண்டாம்; அதைப் பிடித்திருப்பவை நாலைந்து தையல்கள்தான், வெட்டி எடுத்துவிடுங்கள்.

சூட்டுப் பசை கூடவே கூடாது. ஃபெல்டில் ஊறிக் கறையாகும், பாகையைத் துவைக்கக் கழற்றவும் விடாது. உள்ளே இருக்கும் வியர்வைப் பட்டையை மேலே திருப்பிவிட்டு, ஃபெல்டை மட்டும் பிடித்து ஐந்தாறு இடத்தில் மறைதையல் போட்டால் போதும். பட்டையையும் சேர்த்துத் தைத்தால் முடிச்சுகள் நெற்றியில் குத்தும்.

நெட்டித் தொப்பி வேறு வகை. சதுப்பில் வளரும் நெட்டிச் செடியின் தண்டுச் சோற்றால் செய்தது அது. ‘சோலா’ என்பது அந்தச் செடியின் பெயர். வெயிலுக்கானது என்று எண்ணி அதைச் ‘சோலார்’ ஆக்கிவிட்டார்கள். நெட்டியில் ஊசி ஏறினால் பொடிந்து ஓட்டை விழும், தையல் நிற்காது. அதில் ஒவ்வொரு சுற்றையும் அடியிலுள்ள சுற்றோடு மட்டும் தைத்துக்கொண்டு போங்கள்; துணியின் உராய்வே பிடித்துக்கொள்ளும்.

ஆஸ்திரேலிய ராணுவத் தொப்பியின் பாகையில் ஏழு மடிப்புகள் இருக்கும். ஆறு மாநிலங்களுக்கு ஆறு, ஆட்சிப் பகுதிகளுக்கு ஒன்று என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஏழு மடிப்பு வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் படைப்பிரிவுகளின் வண்ணத் துண்டையோ சின்னத்தையோ அழகுக்காக ஒட்டாதீர்கள். அவை அந்தப் பிரிவில் பணியாற்றியவர்களுக்கு உரியவை.