பழைய ஹாலிவுட் குற்றப்படங்களில் ஓரத்தில் நிற்பவர்களைக் கவனிப்பது எப்படி

வெள்ளையர் அல்லாத பாத்திரங்களுக்கு அந்தப் படங்கள் என்ன இடம் கொடுத்தன என்று பார்க்க நான்கு படங்கள் போதும்: ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ (1947), ‘தி பிரேக்கிங் பாயிண்ட்’ (1950), ‘தி கிரிம்சன் கிமோனோ’ (1959), ‘ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ’ (1959). எதுவும் இரண்டு மணி நேரத்தைத் தொடாது. முடிவுகளையும் இங்கே பேசியாக வேண்டும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

முதல் தடவை பேனாவைத் தொடாதீர்கள். கதை நம்மை இழுத்துக்கொண்டு போகட்டும். இரண்டாம் தடவைதான் வேலை. வெள்ளையர் அல்லாத ஒருவர் திரைக்கு வந்ததும் நிறுத்தி, நேரத்தைக் குறித்து, நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். அவருக்குப் பெயர் உண்டா? என்ன வேலை? கேட்காமலே பேசுகிறாரா? கதாநாயகன் கிளம்பிய பிறகும் கேமரா அவரிடம் நிற்கிறதா? எங்களுக்குக் கடைசிக் கேள்விதான் உரைகல்.

‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’டில் ஓடிப்போன கேத்தியைத் தேடி, துப்பறிவாளன் ஜெஃப் கறுப்பர்களின் இரவு விடுதிக்குப் போகிறான். கேத்தியின் பணிப்பெண் யூனிஸ் அங்கே ஏப்ரனில் இல்லை. நன்றாக உடுத்தி, நண்பரோடு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். கேத்தி ஃபுளோரிடா போனதாகச் சொல்கிறாள். தடுப்பூசி பற்றியும் பேச்சு வருகிறது. ஃபுளோரிடாவுக்கு எதற்குத் தடுப்பூசி? ஜெஃப் மெக்சிகோவுக்குக் கிளம்புகிறான். கதையையே திருப்பிவிடும் இந்தப் பாத்திரத்தில் நடித்த தெரசா ஹாரிஸின் பெயர் டைட்டிலில் கிடையாது. டைட்டிலை வைத்துக் கணக்கெடுப்பவர்கள் சறுக்கும் இடம் இது.

நிமிடங்களை எண்ணுவதும் ஏமாற்றும். ‘தி பிரேக்கிங் பாயிண்ட்’டில் படகோட்டி ஹாரியின் கறுப்பினக் கூட்டாளி வெஸ்லியைச் சுட்டுக் கடலில் போட்டுவிடுகிறார்கள். காயத்தோடு திரும்பும் ஹாரியைச் சுற்றித் துறையில் ஒரே கூட்டம். எல்லாரும் கலைந்த பிறகு, வெஸ்லியின் சின்ன மகன் மட்டும் அப்பாவை எதிர்பார்த்துத் தனியாக நிற்கிறான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. படம் அங்கேதான் முடிகிறது. சில நொடிகள்தான், ஹாரி பிழைத்த நிம்மதி அத்தனையும் போய்விடுகிறது.

அடுத்து, ஆண்டைப் பாருங்கள். எதைத் திரையில் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று ஹாலிவுட் தனக்கே வகுத்துக்கொண்ட, 1934 முதல் கறாராக அமலான தயாரிப்பு விதிகள் வெள்ளையர்–கறுப்பர் காதலைத் திரையில் தடுத்தன. அந்தத் தடை 1956இல்தான் நீங்கியது. ஆசிய நடிகர்களுக்கும் காதல் வேடம் லேசில் கிடைக்கவில்லை. அதனால்தான் ‘கிரிம்சன் கிமோனோ’வில் ஜப்பானிய வம்சாவளி நடிகர் ஜேம்ஸ் ஷிகேட்டாவின் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் துப்பறிவாளர் கடைசியில் வெள்ளைக்காரப் பெண்ணை முத்தமிடுவது பெரிய விஷயம். ஆண்டு தெரியாமல் பார்த்தால் சாதாரண முத்தம்.

யார் நடித்தார் என்பதற்குத் தனிப் பத்தி விடுங்கள். ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) படத்தின் மெக்சிகோ அதிகாரி, பழுப்பு மேக்கப் பூசிய சார்ல்டன் ஹெஸ்டன். சீனத் துப்பறிவாளர் சார்லி சானாகப் பல படங்களில் வந்தவர் ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட்.

‘ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ’வைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. கறுப்பின நடிகர் ஹாரி பெலஃபோன்டேயின் சொந்த நிறுவனம் எடுத்த படம். படத்தில் கொள்ளைக்குக் கிளம்பும் முன் அவரது பாத்திரம் தன் மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறார், பிரிந்த மனைவியோடு சண்டை போடுகிறார். கேமராவும் கூடவே போகிறது. நான்காவது கேள்விக்கு இந்தப் படத்தில் பக்கம் போதாது.