வெந்நீர் அடுப்புச் சாம்பலுக்கு ஒரு மூடி டின்: செய்வது, அள்ளுவது, கொட்டுவது

எங்கள் வீட்டில் இன்னமும் வெந்நீர் அடுப்புதான். செங்கல் கட்டி, மேலே அண்டாவைப் பதித்து, பின்பக்கம் புகைபோக்கி வைத்த பழைய அடுப்பு. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு உள்ளவர்களுக்கு மட்டைக்கும் பாளைக்கும் கொட்டாங்குச்சிக்கும் பஞ்சமில்லை. ஐப்பசி முதல் தை வரை தினமும் எரியும். குளிக்கிறவர்களுக்கு சுகம், சாம்பல் அள்ளுகிறவருக்குத்தான் பாடு. முறத்தில் அள்ளி வாளியில் கொட்டும்போது ஒரு மேகம் எழும்பி, கொடியில் காயும் துணி வரை போய்ப் படியும்.

தூசியை நான் பல வருஷம் பொறுத்துக்கொண்டேன். டின் செய்ய உட்கார வைத்தது வேறொரு சம்பவம். ஒரு மார்கழிக் காலையில், முந்தின நாள் எரிந்த சாம்பலை பிளாஸ்டிக் வாளியில் அள்ளி, சுவரோரம் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அள்ளும்போது மேலே தொட்டுப் பார்த்தேன், சில்லென்றுதான் இருந்தது. மத்தியானம் வந்து வாளியைத் தூக்கினால் விளிம்பும் பிடியும் மட்டும் கையோடு வந்தன. அடிப்பாகம் உருகித் தரையில் அப்பிக் கிடந்தது. குவியலைக் குச்சியால் கிளறினேன். நடுவே உள்ளங்கை அளவு கொட்டாங்குச்சித் துண்டு ஒன்று செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. அங்கிருந்து ஓரடி தள்ளி, காய்ந்த பாளைக் கட்டு.

நீறு பூத்த நெருப்பு என்று பேச்சில் சொல்கிறோமே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். சாம்பல் தன் வழியாகச் சூட்டைச் சுலபத்தில் கடத்தாது. அதற்குள் புதைந்த கங்குக்குக் காற்று கொஞ்சமாகத்தான் கிடைக்கும், அதனால் மெதுவாக எரியும். வெளியே தொட்டால் குளிர்ச்சி, உள்ளே நெருப்பு. குளிருக்கு வீட்டுக்குள் விறகு எரிக்கும் அமெரிக்காவில் தீயணைப்புத் துறையினர் மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: கங்கு நாலு நாள் வரை உயிரோடு இருக்கும், சாம்பலை மூடியுள்ள உலோகக் கலத்தில் போட்டு வீட்டை விட்டு 10 அடியாவது தள்ளி வையுங்கள். நம் ஊருக்கும் அது அப்படியே பொருந்தும். கொட்டாங்குச்சி, சவுக்கு, சீமைக்கருவேலம் எல்லாம் கரியாகி நின்று கனலும் சாதி. அவற்றை எரிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆக நமக்கு வேண்டிய கலம் இரண்டு காரியம் செய்ய வேண்டும். கங்கை அணைக்க வேண்டும், தூசியைக் கிளப்பக் கூடாது. தூசி எப்போது கிளம்புகிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சாம்பலை இழுக்கும்போது அவ்வளவாக இல்லை. உயரத்திலிருந்து விழும்போதுதான் பறக்கிறது. விழவே விடாமல் தரையோடு இழுத்து உள்ளே சேர்த்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. அதனால்தான் நான் வட்ட வாளியை விட்டுச் சதுர எண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டேன். சதுர டின்னைப் படுக்கப் போட்டால் உருளாமல் தரையோடு படிந்து கிடக்கும்.

தேவையான பொருள்கள்

15 கிலோ எண்ணெய் டின் மூன்று வாங்குங்கள். டீக்கடை, பேக்கரி, பழைய இரும்புக் கடை எங்கும் கிடைக்கும். இரண்டு டின் கலத்துக்கு, மூன்றாவதைப் பிரித்து மூடிகள் வெட்டலாம். பெயின்ட், தின்னர், பூச்சி மருந்து வந்த டின் வேண்டாம். அதன் மிச்சம் சூட்டில் புகைந்து பற்றிக்கொள்ளும். எண்ணெய் டின்னையும் சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் இரண்டு தடவை நன்றாக அலசி, வெயிலில் காயவைத்த பிறகுதான் தொட வேண்டும்.

அப்புறம் 2 அங்குலக் கீல் நான்கு, கொண்டி இரண்டு, சிறிய போல்ட்டு நட்டு, வாஷர், பிடிக்கு இரண்டு இரும்புக் கைப்பிடி. தகரம் வெட்டும் கத்தரி, சுத்தி, கொட்டாப்புளி, துளை போட ஒரு ஆணி. கெட்டியான தோல் கையுறை கட்டாயம். இந்தத் தகரம் பிளேடு மாதிரி கிழிக்கும்.

எதையும் ஈயப்பற்று வைத்து ஒட்டாதீர்கள். சூடான சாம்பல் பட்டால் பற்று இளகி, பிடி கையோடு வந்துவிடும். எல்லாம் போல்ட்டுதான்.

டின் செய்வது

முதலில் மேல் தகட்டை வெட்டி எடுங்கள். தடித்த விளிம்பை வெட்டாமல் அதற்கு உள்ளே ஒரு விரல் அகலம் விட்டுச் சுற்றி வெட்டுங்கள். விளிம்பு இருந்தால்தான் வாய் நெளியாமல் நிற்கும். மிச்சமிருக்கும் அந்த விரல் அகலத் தகட்டை உள்பக்கமாக மடக்கி, சுவரோடு ஒட்டும்படி தட்டிவிடுங்கள். கூர்முனை எங்கேயும் வெளியே தெரியக் கூடாது.

அடுத்தது மூடி. இதில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். மூன்றாவது டின்னின் மேலையும் அடியையும் எடுத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு மூலையோரம் வெட்டிப் பிரித்தால் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் ஒரே தகடாக வரும். அதில் 30 சென்டிமீட்டர் அகலம், 27 சென்டிமீட்டர் நீளத்தில் துண்டுகள் வெட்டுங்கள். டின்னின் வாய் பொதுவாக 23, 24 சென்டிமீட்டர் சதுரம். உங்கள் டின்னை ஒரு தடவை அளந்துகொள்வது நல்லது.

துண்டின் நான்கு ஓரத்தையும் ஒரு சென்டிமீட்டர் மடக்கி, கொட்டாப்புளியால் தட்டிப் படிய வையுங்கள். ஓரமும் மழுங்கும், தகடும் விறைப்பாகும். பிறகு இடது, வலது இரண்டு பக்கத்தை மட்டும் 2 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிமிர்த்தி மடக்குங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் தட்டையாகவே இருக்கட்டும். இப்போது கையில் இருப்பதைப் பாருங்கள், சின்ன முறம் மாதிரி இருக்கும்: இரண்டு பக்கம் சுவர், முன்னால் திறந்த வாய். இந்த முறம்தான் மூடி.

அதை டின்னின் ஒரு பக்கத்தில் இரண்டு கீலால் இணையுங்கள். மூடியின் சுவர்கள் டின்னுக்கு வெளியே கவிந்து உட்கார வேண்டும். டின் விளிம்பு புடைத்திருப்பதால் கீல் சரியாகப் படியாது. அடியில் மடித்த தகரத் துண்டு ஒன்றைக் கொடுத்துச் சமன் செய்யுங்கள். தகரம் மெல்லியது, போல்ட்டு இழுத்துக்கொண்டு வந்துவிடும், ஆகவே உள்பக்கம் வாஷர் போட மறக்காதீர்கள். எதிர்ப்பக்கத்தில் மேலே கொண்டி, அதற்குக் கீழே நடுவில் கைப்பிடி. கீல் ஒரு பக்கம், கொண்டியும் பிடியும் எதிர்ப்பக்கம். இந்த இடம் மாறினால் டின் வேலை செய்யாது.

கீல் ஓரத்தில் மயிரிழை இடைவெளி நிற்கும். அதன் வழியாகத் தரையில் கோடு போட்ட மாதிரி கொஞ்சம் சாம்பல் கசியும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அள்ளுவது

ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் அடுப்பு பற்ற வைக்கும் முன்னால் அள்ளுங்கள். புகைபோக்கிக்குத் தடுப்புத் தகடு இருந்தால் திறந்து வையுங்கள். அடுப்புக்குள் மிச்சச் சூடு இருக்கும்வரை காற்று மேல்நோக்கி இழுக்கும், கிளம்பும் தூசியில் பெரும்பகுதி அந்த வழியே போய்விடும். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

டின்னை, கீல் உள்ள பக்கம் தரையில் படும்படி படுக்கப் போடுங்கள். மூடியைத் திறந்தால் அது தரையோடு நீண்டு, நாக்கு மாதிரி அடுப்பின் வாய்க்குள் போகும். அடுப்பின் தளம் உயரமாக இருந்தால் டின்னுக்கு அடியில் செங்கல் வைத்து மட்டம் பாருங்கள். இப்போது பழைய களைக்கொத்து ஒன்றால் சாம்பலை மெதுவாக இழுங்கள். அடுப்பிலிருந்து மூடி மேல், மூடியிலிருந்து டின்னுக்குள். எங்கேயும் அது விழவில்லை, வழுக்கிக்கொண்டுதான் வருகிறது. அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் பழைய கதைதான்.

டின்னின் வாயில் பாதி உயரம் வந்ததும் நிறுத்துங்கள். பிறகு மூடியின் நுனியைப் பிடித்துத் தூக்கினால், அதில் தங்கிய சாம்பல் தானே உள்ளே சரியும். கொண்டியை மாட்டுங்கள். மாட்டிய பிறகுதான் பிடியைப் பிடித்து டின்னை நிமிர்த்த வேண்டும். மூடிய டின்னுக்குள் சாம்பல் புரண்டால் புரளட்டும், வெளியே ஒரு தூசி வராது. முதல் தடவை இதைச் செய்தபோது அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, கொடியில் இருந்த துணியை எடுக்காமலே உள்ளே போனார்.

தண்ணீர் தெளித்து அள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். சூட்டுச் சாம்பலில் தண்ணீர் பட்டதும் ஆவி கிளம்பி சாம்பலையும் சேர்த்து முகத்தில் அடிக்கும். தவிர, நனைந்த சாம்பல் கடுமையான காரம். அந்தக் காலத்தில் துணி வெளுக்கச் சாம்பல் நீரைப் பயன்படுத்தியதே அதனால்தான். கையில் எரிச்சல் தரும், கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும்.

ஆறவைப்பது

டின்னை வெளியே கொண்டுபோய் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். கூரை, ஓலைப் படல், வைக்கோல், விறகு அட்டி எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 10 அடி. மேலே மழை விழாத இடமாக இருக்கட்டும், ஆனால் அடைத்த அறைக்குள் வைக்கவே கூடாது. காற்று குறைந்து புகையும் கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை, மூடிய அறையில் உயிரையே எடுத்துவிடும்.

இரண்டு டின் செய்யச் சொன்னது இதற்காகத்தான். ஒன்று நிரம்பி ஆறிக்கொண்டிருக்கும்போது மற்றது வேலை செய்யும். எங்கள் வீட்டில் ஒரு டின் நிரம்ப நாலைந்து நாள் ஆகிறது, அதற்குள் முதல் டின்னின் கங்கு செத்துவிடும். கொட்டும் முன் புறங்கையை டின்னின் நான்கு பக்கத்திலும், அடியிலும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கதகதப்பாக இருந்தாலும் இன்னொரு நாள் விடுங்கள்.

கொட்டுவது

நன்றாக ஆறிய சாம்பலுக்கு மட்டும் இந்த வழி. பழைய உரச்சாக்கு ஒன்றின் வாயை, திறந்த மூடியும் உள்ளே போகும்படி டின்னுக்கு மாட்டி, கழுத்தில் கயிற்றால் சுற்றிக் கட்டுங்கள். சாக்கையும் டின்னையும் சேர்த்துத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நிமிஷம் போகட்டும். தூசி உள்ளேயே அடங்கிய பிறகு கயிற்றை அவிழ்த்து டின்னை மெல்ல உருவுங்கள். குழியில் நேரடியாகக் கொட்டுவதென்றால் டின்னின் வாயைக் குழியின் தரையில் வைத்து, அடிப்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே பின்னால் இழுங்கள்.

சாக்குச் சாம்பலைச் சலித்தால் கரித்துண்டும் ஆணியும் சல்லடையில் நிற்கும். கரியை அடுத்த நாள் அடுப்பில் போடலாம். சலித்த சாம்பல் பாத்திரம் துலக்க நல்லது. எங்கள் அம்மாயி அதோடு பழைய புளிச் சக்கையைச் சேர்த்துப் பித்தளையைத் தேய்ப்பார். தோட்டத்தில் வாழைக்குச் சாம்பல் பிடிக்கும், அதில் பொட்டாஷும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. தழைச்சத்து இருக்காது, அது புகையோடு போய்விடும். மரத்துக்கு இரண்டு கை தூவி மண்ணோடு கிளறினால் போதும். சாம்பல் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும், ஏற்கெனவே களர் விழுந்த நிலத்தில் போடவே வேண்டாம். யூரியாவோடும் அம்மோனியம் சல்பேட்டோடும் கலந்து போடாதீர்கள், உரத்தின் சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எதையாவது எரித்திருந்தால் அந்தச் சாம்பல் பாத்திரத்துக்கும் ஆகாது, செடிக்கும் ஆகாது. அதைத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

டின்னை ஒவ்வொரு தடவை காலி செய்த பின்னும் உலர்ந்த துணியால் துடைத்து, மூடியைத் திறந்து வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அப்படியே விட்டால் அடித்தகடு துருவேறும். அடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டை தெரிந்தால்கூட அந்த டின்னைக் கழித்துவிட்டு, கீலையும் கொண்டியையும் பிடியையும் கழற்றி அடுத்த டின்னுக்கு மாட்டிக்கொள்ளுங்கள்.