யோகட் கப், சிரட்டை, பால்மா பேணி: சின்னப் பிள்ளைகளோடு வாத்தியம் செய்யலாம்

மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டுக் கித்தார் தேடிக் கடைக்கு ஓட வேண்டாம். யோகட் கப், பால்மா பேணி, துருவி முடித்த சிரட்டை, ஐஸ்கிறீம் பெட்டி இவற்றை எறியாமல் ஒரு கிழமை சேர்த்து வையுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகக் காய விடுங்கள். திருகோணமலை வெயிலுக்கு அது பெரிய வேலையில்லை, ஆனால் ஈரம் இருந்தால் உள்ளே போடும் அரிசி பூஞ்சணம் பிடித்துவிடும்.

முதலில் கிலுக்கி, அதுதான் லேசு. ஒரு யோகட் கப்பில் கால்வாசிக்கு அரிசி போட வேண்டும். பிள்ளைகள் கப் நிறைய அள்ளிப் போடுவார்கள், போடட்டும், தடுக்காதீர்கள்; அரிசி புரள இடமில்லாமல் சத்தம் அமுங்குவதைக் கேட்டுவிட்டு அவர்களே கொட்டிக் குறைப்பார்கள். பிறகு இன்னொரு கப்பை அதன் மேல் வாயோடு வாய் கவிழ்த்து டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். இது பெரியவர்களின் வேலை, டேப் விட்டால் உள்ளே இருப்பது நேரே வாய்க்குத்தான் போகும். அடுத்ததில் மணல், இன்னொன்றில் உப்புவெளிக் கரையில் பொறுக்கிய சின்னச் சிப்பி என்று போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எது எதுவென்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். (புறாத்தீவில் மட்டும் பொறுக்க வேண்டாம், அது தேசியப் பூங்கா.)

சிரட்டைக்கு ஒன்றுமே செய்யத் தேவையில்லை. விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கி இரண்டையும் கவிழ்த்துத் தட்டினால் குதிரை ஓடும்.

மேளத்துக்கு, பேணியின் கூரான விளிம்பை டேப்பால் மூடிவிட்டு, கழுத்து வெட்டிய பலூனை வாயில் இழுத்து மாட்டி றப்பர் பாண்ட் போடுங்கள். மிஞ்சும் பலூன் துண்டை உடனே எடுத்துவிட வேண்டும், தொண்டையில் சிக்கினால் ஆபத்து. தட்டுவதற்குப் பென்சில் போதும்.

ஐஸ்கிறீம் பெட்டியின் மூடியைக் கழற்றி, குறுக்கே மெல்லியதும் தடித்ததுமாக றப்பர் பாண்ட் மாட்டினால் கித்தார். ஒரே மாதிரி இழுத்துக் கட்டினால் மெல்லியது கீச்சென்றும் தடித்தது கனத்தும் கேட்கும். ஏன் என்று விளக்கப் போகாதீர்கள், மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்க விடுங்கள்.

நிறம் பூசுவதும் மினுக்கல் தாள் ஒட்டுவதும் கடைசியில்தான். பெரியவர்கள் நாம் அலங்காரத்தில் இறங்கினால், நாலு தரம் தட்டிப் பார்க்க வேண்டிய நேரத்தில் பிள்ளை கோந்து காயக் காத்துக்கொண்டிருக்கும்.