கேட் போட்டால் தண்டவாளத்தை எண்ணுங்கள்

ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் முதலில் தண்டவாளம் எத்தனை என்று பாருங்கள். இரண்டு கம்பி என்றால் ஒற்றை வழி, நான்கு என்றால் இரட்டை வழி. நான்கு இருந்தால் ஒரு ரயில் போனதுமே வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகப் போடிக்கும், திருப்புவனம் வழியாக மானாமதுரைக்கும் போவது ஒற்றை வழி. போன ரயில் அடுத்த ஸ்டேஷனைச் சேரும்வரை பொதுவாக அந்தப் பாதையில் இன்னொன்றை விடமாட்டார்கள். அதனால் கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய மஞ்சள் பெருக்கல் குறி தெரிந்ததும் சாவியைத் திருப்பலாம். சோழவந்தான், திருமங்கலம் பக்கம் இரட்டை வழி. எதிர்த் திசையிலும் ரயில் நெருங்கிவிட்டால் கேட் கீப்பரால் திறக்க முடியாது. அவர் பாட்டுக்குப் பச்சைக்கொடியோடு நிற்பார், நாம்தான் ஹார்ன் அடித்துக்கொண்டிருப்போம். இஞ்சினை அணைத்துவிட்டால் பெட்ரோலாவது மிச்சம்.

ஸ்டேஷனை ஒட்டிய கேட்டில் இந்தக் கணக்கு உதவாது. அங்கே ஒற்றை வழியும், எதிரெதிரே வரும் ரயில்கள் ஒன்றையொன்று கடப்பதற்காக இரண்டு மூன்றாகப் பிரியும். பேட்டரி வீக்கான வண்டி என்றால் அணைக்கவே வேண்டாம், அப்புறம் பின்னால் நிற்பவர்தான் தள்ள வேண்டும்.