எந்த ஓட்டத்துக்கு எந்த ஷூ?

கடைக்குப் போகும் முன், வாரத்தில் என்னென்ன ஓடுகிறீர்கள் என்று பாருங்கள். புதியவர் என்றால் பெரும்பாலும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதான ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம். இரண்டுக்கும் ஒரே ஷூ போதும். கடையில் 'டெய்லி ட்ரெய்னர்' என்று கேளுங்கள். நைக்கி பெகாசஸ், ஆசிக்ஸ் நோவாபிளாஸ்ட் எல்லாம் இந்த ரகம். என் ஓட்டு நோவாபிளாஸ்டுக்கு. நம்மூர் சிமென்ட் ரோட்டில் முட்டி நோகாமல் இருக்கிறது.

அடுத்தது அளவு. பலருக்கும் சறுக்குவது இங்கேதான், எனக்கும் அப்படித்தான். ஆபீஸ் ஷூ 8 என்றால் ஓடுகிற ஷூவும் 8 என்று வாங்கிவிடுவோம். ஓடும்போது கால் வீங்கும், பாதம் முன்னால் நகரும். இடிபட்டு இடிபட்டுக் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும்.

சாயங்காலமாகக் கடைக்குப் போங்கள், ஓடும்போது போடுகிற சாக்ஸோடு. நின்றபடி பாருங்கள்: நீளமான விரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவே கைக் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஒரு கால் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதற்குத்தான் அளவு. யுகே எண் பிராண்டுக்கு பிராண்ட் மாறும். ஷூ நாக்கின் (லேஸுக்குக் கீழே இருக்கும் பட்டை) உள்பக்க லேபிளில் சென்டிமீட்டர் கணக்கும் போட்டிருப்பார்கள்; ஒப்பிட அது கொஞ்சம் தேவலை. கடைசியில் போட்டுப் பார்ப்பதுதான் கணக்கு.

பெரிய அளவு எடுத்தால் குதிகால் வழுக்குகிறதா? உடனே சின்னதுக்குப் போக வேண்டாம். கணுக்கால் பக்கம் கூடுதலாக ஒரு துளை இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை அதே பக்கத்துத் துளைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. இப்போது வலது நுனியை இடது வளையத்திலும், இடது நுனியை வலது வளையத்திலும் நுழைத்து இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் அசையாது.

இன்டர்வல் (வேகமாக ஓடி, இளைப்பாறி, மறுபடி ஓடுவது), டெம்போ (கொஞ்சம் கடினமான வேகத்தில் விடாமல் ஓடுவது) என்று வேகப் பயிற்சி தொடங்கினால் இரண்டாவது ஜோடி. எடை குறைவாக, சோல் அவ்வளவு கொழகொழ என்று இல்லாமல் இருக்கட்டும். உயரமான மெத்து சோல் ட்ராக் வளைவில் ஆட்டம் காட்டும். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம், அதாவது 'ட்ராப்', பழைய ஷூவைவிட ரொம்பக் குறைந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். சின்னச் சின்ன ஓட்டங்களில் பழக்குங்கள்.

சோலுக்குள் கார்பன் தகடு வைத்த 'கார்பன் ப்ளேட்' ஷூ? 2017-ல் நைக்கியின் வேப்பர்ஃப்ளை வந்ததிலிருந்து எல்லோருக்கும் ஆசைதான். பந்தயத்துக்குச் சரி, தினசரி ஓட்டத்துக்குத் தண்டச் செலவு.

ஏற்காடு, கொல்லிமலை மாதிரி மண் பாதைக்கு மட்டும் ட்ரெய்ல் ஷூ. அதன் அடிப் பற்கள் தார் ரோட்டில் சீக்கிரம் தேயும்.

பின்சேர்க்கை: "நீளம் சரி, சுண்டுவிரல் பக்கம் பிதுங்குகிறது" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அளவைக் கூட்டாதீர்கள், அகலத்தைக் கூட்டுங்கள். 'வைட்' அல்லது 'டூ-ஈ' (2E என்று போட்டிருக்கும் அகல அளவு) என்று கேட்டால் சில மாடல்களில் கிடைக்கும்.

இன்னொன்று, மழையில் நனைந்தால் மொட்டைமாடி வெயிலில் வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும். உள் அட்டையை உருவிவிட்டு, பழைய பேப்பரைத் திணித்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள். பேப்பர் ஈரமானதும் மாற்றுங்கள்.